ஊசியும் கூச்சமும்

துன்பங்களுள் பிறரிடம் சொல்லி ஆறத்தக்கன சில. சொல்லவே கூசத்தக்கன சில. பெண்ணொருத்தியின் மேலுதட்டிலும் நாடியிலும் அடர்ந்து வளரும் உரோமம் இரண்டாம் வகையினது. அதனை மின்பகுப்பு முறையால் நீக்குவோரைத் தேடி, வீட்டாரிடம் வேறொரு காரணம் கூறிவிட்டு, முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றிலிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏறும் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பஸ்ஸுக்குக் காசு செலவாயிற்று. ஒரு நாட் கூலியும் போயிற்று. இவ்வளவு தூரம் வந்து கதிரையில் அமர்ந்தபின் எழுந்து திரும்புதல் எளிதன்று. ஊசி பிடிப்பவர் தகுதியுடையவரா, தூய்மை பேணுபவரா என்பதை அவள் எவ்வாறு அறிவாள்?

இம்முறை புதியதன்று. உள்நோக்கி வளைந்து விழியை உறுத்தும் இமைமயிரை இவ்வாறு நீக்கியமைபற்றி, அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சாள்ஸ் மிச்செல் 1875 ஆம் ஆண்டிலேயே எழுதினார். மயிர்க்காலினுள்ளே நுண்ணிய ஊசி செலுத்தப்படும். அதன் வழியே மெல்லிய நேரோட்ட மின்சாரம் பாயும்போது, திசுவிலுள்ள உப்பும் நீரும் பகுப்புற்று எரிசோடா தோன்றும். அக்காரமே மயிர் முளைக்கும் இடத்தை அழிக்கின்றது. ஊசியின் கோணமோ ஆழமோ மின்னளவோ பிழைப்பின் மயிர் எஞ்சும்; அன்றேல் தழும்பு எஞ்சும். கறுத்த சருமத்தில் அது கரும்புள்ளியாய் நெடுநாள் நிலைக்கவுங் கூடும்.

கொதித்தாறிய நீரைப் பருகுமாறு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் வன்னி மக்கள். 2009 இல் செட்டிகுளத்து முகாம்களில் வாழ்ந்தோர்க்குத் தூய்மையின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் நீருக்குப் போதுமான கொதிப்பு ஊசிக்குப் போதாது. பற்றீரியாக்கள் சிலவற்றின் வித்திகள் அதனைத் தாங்கவல்லன. ஆதலாற்றான் கருவிகளை அழுத்தமுள்ள நீராவியில் 121 பாகை செல்சியசில் 15 நிமிடமேனும் வைக்கின்றனர். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தல் இதற்கு ஈடாகாது. ஈரலழற்சி பீ வைரசு உலர்ந்த மேற்பரப்பிலும் 7 நாளேனும் தொற்றும் வலுவுடன் இருக்கும். எனவே அவள் பார்க்க வேண்டியவை சிலவே: கை கழுவப்படுகின்றதா, கையுறை புதியதா, முத்திரையிட்ட உறையிலிருந்து ஊசி அவள் கண்முன்னே எடுக்கப்படுகின்றதா, பயன்பட்டபின் தடித்த சுவருடைய கொள்கலத்தில் எறியப்படுகின்றதா.

திறனை அளத்தல் இதனினும் கடினம். மயிர்கள் யாவும் ஒரே வேளையில் வளர்வனவல்ல. ஆதலின் பல மாதங்கள் மீண்டும் மீண்டும் செல்லல் வேண்டும். ஒரே அமர்வில் ஒழித்துவிடலாம் என உறுதி கூறுபவர் தொழிலறியாதவர், அல்லது பொய்யர். கைதேர்ந்தவர் முதலில் தாமே வினவுவார்: இதயத்தில் மின்கருவி பொருத்தியுள்ளதா, தழும்பு தடித்து வளரும் உடலா, மாதவிடாய் ஒழுங்காக வருகின்றதா? இறுதி வினா மிக முக்கியமானது. சூலகம் சார்ந்த ஓமோன் கோளாறே உரோமத்துக்குக் காரணமாகலாம். தம் வருவாய் குறைந்தாலும் முதலில் வைத்தியரைக் காணுமாறு சொல்பவரே நம்பத்தக்கவர். பின்பு அவர் சிறிய இடமொன்றில் மட்டும் செய்து காட்டுவார். மயிர் இழுபடாமல் வழுக்கி வருதல் வேண்டும். சில மணிநேரச் சிவப்பு இயல்பு. கொப்புளமும் சீழும் இயல்பல்ல.

இவையெல்லாம் பார்த்தும் கேட்டும் அறியத்தக்கன. எனினும் அவள் கேட்பதில்லை. வந்த காரணமே வெட்கமாயிருக்க, ஊசி புதியதா என வினவுதல் மரியாதைக் குறைவாகுமோ என்றும் அஞ்சுகின்றாள். துப்புரவற்றவர்க்கு அக்கூச்சமே காவலாகின்றது. தமக்கையின் குழந்தைக்குக் காது குத்தும்போது, ஊசியைக் காட்டும்படி தட்டாரிடம் கேட்க அவள் தயங்குவாளா? குழந்தைக்காகக் கேட்பதைத் தனக்காகவும் கேட்டல் வேண்டும். கேள்விக்குச் சினப்பவரிடமிருந்து எழுந்து வருதற்குப் பஸ் காசு ஒரு தடையாகலாகாது. அது அடுத்த மாதம் மீண்டும் சேரும், முகத்துத் தழும்போ எளிதில் நீங்காது.