பத்தடிக்கு ரெண்டு இஞ்ச்

சிங்கப்பூர், ஆனி மாதம்



நேற்று இரவு அம்மா இலஞ்சியிலிருந்து பேசினாள். குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டதாம். பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுவதால் குளிக்க விடவில்லையாம். தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு வருஷத்தில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. எனக்கோ, சாரல் என்றதும் கொஞ்ச வருஷமாக வேறொரு கேள்விதான் வாயில் வருகிறது.

"நடுவீடு ஒழுகுதாம்மா?"

"ஏளா, வாளியெல்லாம் கெணத்தடியிலதான் கெடக்கு" என்றாள். ஒழுகவில்லை என்று அர்த்தம்.

இந்தப் பதிலைக் கேட்பதற்கு எங்களுக்கு இரண்டு கொத்தனார்களும் இரண்டு பங்கு பணமும் ஆயின. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீட்டு வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிய கதையாகத்தான் இருக்கும். ஆனாலும் எழுதுகிறேன். காண்ட்ராக்டரைத் திட்டுவதற்காக எழுத உட்கார்ந்து, பாதியில் கணக்கு மாறிப்போன கதை இது.

எங்கள் வீடு மூன்று காலத்து வீடு. முன்பக்கம் ஓடு. நடுவீடு தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ். பின்கட்டு 1980களில் அப்பா போட்ட கான்கிரீட். மெட்ராஸ் டெரஸை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். தேக்கு உத்தரங்களின் மேல் கட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிடிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி. கடைசியில் தட்டோடு. எங்கள் பக்கம் அந்த மொட்டைமாடிக்குத் தட்டட்டி என்று பெயர். சித்திரை வெயிலிலும் அதன் கீழே ஃபேன் இல்லாமல் தூங்கலாம்.

ஆனால் எங்கள் ஊர் மழையைச் சமாளிப்பது லேசில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று நுழைந்து ஜூன் முதல் சாரலைக் கொண்டுவரும். அது ஓய்ந்தால் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மற்ற ஊர் வீட்டுக்கு மழை தலையில் விழும். எங்கள் ஊர் வீட்டுக்குக் கன்னத்திலும் அடிக்கும். மேற்குச் சுவர் ஓதம் ஏறி, பாசி பிடித்து, பூச்சு பொருபொருவென்று உதிரும். ஒரு வருஷம் நடுவீட்டுக் கூரையிலும் சொட்டத் தொடங்கியது.

அத்தான் ஒரு காண்ட்ராக்டரைச் சொன்னார். நல்ல பையன், நம்ம ஆள், நாலு வீடு பார்த்திருக்கான் என்றார். அந்த நாலு வீட்டுக்காரர்களில் ஒருவரிடம்கூட நான் பேசவில்லை. வீடியோ காலில் அவர் தட்டட்டியில் நடந்து காட்டினார். "அக்கா, ஒண்ணும் யோசிக்காதீங்க. பதினஞ்சு நாள்ல முடிச்சிக் குடுத்துருதேன்." மெட்டீரியலோடு சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம். சிமெண்ட் விலை ஏறப்போகிறது, பாதியை இப்போதே அனுப்பிவிடுங்கள் என்றார். அன்று இரவே அனுப்பினேன். கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் கிடையாது. முருகன் படமும் பங்களா படமும் போட்ட அவருடைய விசிட்டிங் கார்டு மட்டும் அம்மாவிடம் இருந்தது.

வேலை தொடங்கியது வைகாசி நடுவில். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள் வைகாசியில் கூரையைத் தொடச் சம்மதிக்கலாமா? சம்மதித்தேன். லீவு அப்போதுதான் கிடைக்கும், முடிந்ததும் போய்ப் பார்த்துவிடலாம் என்ற நினைப்பு.

பழைய தட்டோட்டின் மேலேயே கெமிக்கல் பூசி, சிமெண்ட் கலவை போட்டு, வெள்ளை வெளேரென்று கூலிங் டைல்ஸ் ஒட்டினார்கள். தினமும் வாட்ஸ்அப்பில் படம் வரும். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம்கூடக் காட்டிப் பெருமைப்பட்டேன். படத்தில் டைல்ஸ் தெரியும், மினுமினுப்பு தெரியும். வாட்டம் தெரியாது. தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கிற சரிவைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்கிறார்கள்.

முதல் வாரம் ஐந்து பேர் வந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர். பிறகு மண்வெட்டியும் சாந்துச் சட்டியும் மட்டும் வீட்டில் கிடந்தன. பாவூர்சத்திரத்தில் இன்னொரு வேலை, சித்தாள் வீட்டில் சடங்கு என்று காரணங்கள். போன் அடித்தால் "நாளைக்கு வந்துருவாங்கக்கா." இதற்கிடையில் ஆளைக் கண்ட நேரமெல்லாம் அம்மா காபி போட்டுக் கொடுத்து, "தம்பி, அப்படியே அந்தத் தொட்டி விளிம்பையும் பூசிரு", "கொல்லைக் கதவு நிலையை ஒரு கை பார்த்துரு", "சாமி அறையில ஒரு தட்டு வச்சுரு" என்று வேலை வாங்கியிருக்கிறாள். அம்மா கணக்கில் அவையெல்லாம் சில்லறை வேலை.

சாரல் வந்தது. மூன்றாம் நாள் தட்டட்டியின் தென்மேற்கு மூலையில் தண்ணீர் குளம் கட்டியது. தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய், புதுத் தளத்தைவிட ஒரு விரற்கடை மேலே நின்றது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் உள்ளே வழி தேடியது. உத்தரம் ஒன்று கறுத்தது. அப்பாவின் புத்தக அலமாரி மேல் பூச்சு பெயர்ந்து விழுந்தது.

காண்ட்ராக்டர் ஒருநாள் வந்து அண்ணாந்து பார்த்தார். பழைய கட்டடம், இதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். மீதிப் பணத்தைக் கேட்டார். போனில் நான் கத்தியதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "தொட்டி பூசுனதுக்கு, நிலை பார்த்ததுக்கு, தட்டு வச்சதுக்கெல்லாம் யாரு கூலி குடுத்தா? ரெண்டாவது வாரம் சனிக்கிழமை வரவேண்டிய பணம் செவ்வாக்கிழமைதான வந்துச்சு? அஞ்சு பேருக்கு வட்டிக்கு வாங்கிப் பட்டுவாடா பண்ணுனேன். அவங்க பெறவு எப்படிக்கா உங்க வேலைக்கு வருவாங்க?"

வெள்ளிக்கிழமை இரவு இங்கிருந்து அனுப்பிய பணம் வாரக்கடைசியில் எங்கோ மாட்டிக்கொண்டது உண்மை. தளம் கெட்டதற்கு அது காரணமில்லை. ஆள் வராததற்குக் காரணம்.

வழக்குப் போடலாம் என்றாள் வக்கீலாக இருக்கும் தோழி. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சேவை என்பதற்குள் வீடு கட்டும் வேலையும் அடங்கும். புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். எல்லாம் எங்களுக்குச் சாதகம்தான். "என்ன வேலைன்னு எழுதின பேப்பரைக் குடு" என்றாள் தோழி. நான் வாட்ஸ்அப் படங்களைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள்.

இரண்டாவது கொத்தனாரை அத்தான் சொல்லவில்லை. இலஞ்சியில் ஒரு பழைய வீட்டைச் சரிசெய்து கொண்டிருந்தவரை, அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அம்மாவே கூட்டி வந்தாள். பதினொரு வருஷம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நான் ஆடி மாதம் பேசினேன். "இப்ப தொடக்கூடாதுக்கா. தார்ப்பாயைப் போட்டு மூடிட்டுத் தை வரைக்கும் பொறுங்க. ஆடிக் காத்துல பூசுனா ஈரம் பொசுக்குன்னு காஞ்சு வெடிச்சிரும்" என்றார். வருகிற வேலையை வேண்டாமென்று தள்ளிவைத்த அன்றே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பொங்கல் கழிந்து வந்தார். நாற்பது பக்க நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: என்னென்ன செய்வார், என்னென்ன செய்ய மாட்டார், எந்தச் சாமானை யார் வாங்குவது, எந்தெந்த வேலை முடிந்ததும் எவ்வளவு பணம். கூடுதல் வேலை சொன்னால் அன்றைக்கே பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று கடைசி வரி. "நீங்க மொதல்ல போடுங்க, பெறவு நான் போடுதேன்" என்றார். அந்தத் தாள் எனக்கு எந்த அளவுக்குக் காவலோ அதே அளவுக்கு அவருக்கும் காவல் என்பது அப்போதுதான் உறைத்தது. சித்தாள் முதல் எல்லோரையும் தினமும் காலையில் நிறுத்தி அன்றைய வேலையைப் பத்து நிமிஷம் சொல்வாராம். சிங்கப்பூர் சைட்டுகளில் டூல்பாக்ஸ் மீட்டிங் என்று நடப்பதுதான் அது. இலஞ்சியில் அம்மாவும் அதில் போய் நின்றுகொண்டாள்.

டைல்ஸை உடைத்தெடுத்தார்கள். சுவருக்குள் இருந்த நுனி உளுத்துப்போன உத்தரத்துக்கு இரும்புச் சேனல் கொடுத்தார்கள். சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு, செங்கல் ஜல்லி பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்தார்கள். மேலே ஈரச் சாக்கு. வாட்டத்துக்கு டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தார். "பத்தடிக்கு ரெண்டு இஞ்ச் எறங்கணும்கா. அதுக்குக் கொறஞ்சா தண்ணி யோசிக்க ஆரம்பிச்சிரும்." தட்டோடு பதித்து முடித்ததும் ஒரு குடம் தண்ணீரை மூலையில் கவிழ்த்து எனக்கு வீடியோ காட்டினார். படத்தில் வாட்டத்தை நான் பார்த்தது அன்றுதான்.

சிங்கப்பூரில் இருப்பவளுக்கு இதெல்லாம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். இங்கே நான் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து வீட்டில், வீவக என்போம். ஒரு குளியலறையைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் வீவக பட்டியலில் உள்ள காண்ட்ராக்டராக இருக்க வேண்டும். அனுமதி வாங்க வேண்டும். சுவரை உடைக்கிற சத்தமெல்லாம் வாரநாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். புது வீட்டில் முதல் மூன்று வருஷம் குளியலறை டைல்ஸைப் பெயர்க்கவே கூடாது. தண்ணீர் கசியாமல் தடுக்கும் பூச்சு கெட்டுவிடும். மேல்வீட்டுத் தரை கசிந்து கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. இவ்வளவு இருந்தும், முன்பணம் வாங்கிக்கொண்டு கடையை மூடிவிட்டுப் போகிறவர்கள் இங்கேயும் உண்டு. பயனீட்டாளர் சங்கத்துக்கு ஓயாமல் வரும் புகார்களில் வீடு புதுப்பிப்பும் ஒன்று. அதனால்தான் முன்பணத்துக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் காண்ட்ராக்டர்களுக்கென்று தனியாக ஒரு அங்கீகாரமே வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சட்டத்துக்கு இங்கே பணிந்து நடக்கிற நான், ஊரென்றதும் ஒரு தாள்கூடக் கேட்கவில்லை. கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வாரோ என்ற கூச்சம். என்னைப் போன்றவர்கள் இந்தத் தீவில் நிறையப் பேர். தென்காசியும் கடையநல்லூரும் சிங்கப்பூருக்குப் பழைய பழக்கம். கடையநல்லூர்க்காரர்கள் 1946இல் இங்கே உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியே நடத்தத் தொடங்கினார்கள். அந்தக் காலத்திலிருந்து இங்கிருந்து போகிற பணம் அங்கே சுவராகவும் கூரையாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. பணம் போகிற அளவுக்கு விவரம் போவதில்லை.

தளம் முடிந்த அந்த மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தென்காசி விசுவநாதர் கோயில் வாசலில், கோபுரத்துக்கு முன் முகத்தில் அறையும் அந்தக் காற்றில் கொஞ்ச நேரம் நின்றேன். 15ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் கல்வெட்டுப் பாட்டொன்றில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால், வந்து சரிசெய்து காப்பவர் யாராயினும் அவரை நான் வணங்குகிறேன் என்பது அதன் பொருள். கட்டும்போதே குறை வரும் என்று ஒத்துக்கொண்ட வீட்டுக்காரன் அவன். அவன் நினைத்தபடியே குறை வந்தது. ராஜகோபுரம் நெடுங்காலம் சிதைந்து மொட்டையாக நின்று, 1990இல்தான் ஒன்பது நிலையோடு, சுமார் 180 அடி உயரத்துக்கு மறுபடி எழுந்தது. 2025 ஏப்ரலில் நடந்த குடமுழுக்குக்கு முன்பும், திருப்பணி முழுமையாக முடிந்ததா என்ற கேள்வி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிற்று. வேலை முடிந்ததா என்ற சண்டை விசுவநாதர் வீட்டுக்கே தப்பவில்லை என்றால் நாம் எந்த மூலை?

நாம் பழுது பார்க்க வருகிறவரை வணங்க வேண்டியதில்லை. அவரோடு ஒழுங்காகக் கணக்குப் பேசினால் போதும். ஆகவே ஊரில் வேலை தொடங்கப்போகும் வெளிநாட்டுக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். கூரை வேலையைத் தையில் தொடங்கிப் பங்குனிக்குள் முடியுங்கள். அவர் முன்பு செய்த வீட்டை ஒரு மழைக்குப் பின் உங்கள் ஆள் யாராவது போய்ப் பார்க்கட்டும். ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அம்மாவின் சில்லறை வேலைகளையும் அதிலேயே எழுதுங்கள். பணத்துக்கும் வாட்டம் வேண்டும். வேலை இறங்க இறங்கப் பணமும் இறங்கட்டும், ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். கொடுக்க வேண்டியதை வியாழக்கிழமையே அனுப்பிவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா.

அன்புடன்,
இலஞ்சிக்காரி