குழி, புற்று, பானை

வேலூரில் ஆரணி பஸ் ஏறி உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்காரருடன் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் கண்ணமங்கலம் வந்துவிடும். ஜவ்வாது மலைப் பக்கமிருந்து இறங்கி வரும் ஆறு ஒன்று ஊரை ஒட்டிப் போகிறது. அதன் பெயர் என்ன தெரியுமோ? நாகநதி! பட்டுப் புடவையைப் பற்றி எழுதப் போனவன் பாம்பைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேனே, அந்தப் பெயரின் வேலைதானோ என்னவோ!

நீங்கள் கடையில் "ஆரணிப் பட்டு" என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்தப் புடவைகளில் பல இந்தச் சுற்றுவட்டாரத் தறிகளில் பிறந்தவை. நான் போன வீட்டில் கூடத்தில் பாதியைத் தறியே அடைத்துக்கொண்டிருந்தது. குழித்தறி. வீட்டு அம்மாள் தரையோடு தரையாக உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். நாடா இப்படியும் அப்படியும் பறக்கிறது.

"இந்தக் குழி எதற்கம்மா?" என்று கேட்டேன்.

"பட்டு இழைக்கு ஈரம் வேணும் சார். கோடையிலே வறட்டுக் காத்து அடிச்சா பாவு பொட்டுப் பொட்டுன்னு அறுந்துபோகும். குழியிலேருந்து வர்ற குளிர்ச்சிதான் அதைக் காப்பாத்துது" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். போன கோடையில் ஒரு நாள் விடியற்காலையில் விளக்கைப் போட்டுவிட்டுக் குழியைப் பார்த்தால், மூலையில் ஒரு "பூச்சி" சுருண்டு கிடந்ததாம். பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. யாரோ வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் அன்று முதல் காலைக் குழிக்குள் விடும்போதெல்லாம் அடிவயிறு கலங்குகிறது. தறியை விட்டால் பிழைப்பு ஏது?

"ஊரிலே வேறே இடமா இல்லை? எங்க வீட்டுக் குழிக்கு ஏன் சார் வரணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தெரிந்தவர்கள் இருக்கும் இடம் வடநெம்மேலி. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பரம்பரையாகப் பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்தவர்கள் இருளர். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது, அவர்கள் அடுப்பில் பூனை படுத்தது. 1978-ல் சங்கம் பிறந்தது. தோலை உரிப்பதற்குப் பதில் விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பாம்பை விட்டுவிடும் தொழில். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்கின் விஷமும் விஷமுறிவு மருந்து தயாரிக்கப் போகிறது. இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அங்கே பாம்பு எதில் குடியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? கண்ணாடிப் பெட்டியா, மின்சார விளக்கா? ஒன்றும் இல்லை. நம் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அண்ணன் போன்ற மண்பானை! உள்ளே மணல், வாய்க்குத் துணி, அதைச் சுற்றி ஒரு கட்டு. வரிசை வரிசையாகப் பானைகள். ஏதோ கல்யாண வீட்டுச் சமையல் கட்டு மாதிரி இருக்கிறது. கிட்டப் போகத்தான் துணிச்சல் வேண்டும்.

பானையின் ரகசியம் இதுதான். நமக்கு உடம்புச் சூடு உள்ளேயே உற்பத்தியாகிறது. பாம்புக்கு அந்த வசதி கிடையாது. சூட்டை வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். குளிர் மிஞ்சினால் விழுங்கிய இரை ஜீரணமாகாமல் வயிற்றிலேயே அழுகும். சூடு மிஞ்சினாலோ உயிரே போய்விடும். ஈரப்பசையும் அப்படியே. காற்று வறண்டால் சட்டை முழுதாக உரியாமல் கந்தல் கந்தலாகக் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணை மூடியிருக்கும் மெல்லிய தோலும் கழலாமல் நின்றுவிடும். ஈரம் அதிகமானாலும் வம்பு, வயிற்றுப் பக்கம் புண் வரும். மண்பானையோ காற்றை விடுகிறது. வெயிலின் வேகத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குளிர்ச்சி தருகிறது.

பாம்பு ஏன் புற்றைத் தேடிப் போகிறது என்பதற்கும் இதே காரணம்தான். கறையான் கட்டிய அந்த மாளிகைக்குள் வெளியே எத்தனை வெயில் காய்ந்தாலும் ஈரமும் இதமும் அதிகம் மாறுவதில்லை. ஆடி மாதத்தில் நீங்கள் ஊற்றும் பால் அதற்கு ஆகாரமில்லை, அது வேறு விஷயம்.

மலைப்பாம்பு இன்னும் ஒரு படி மேலே. முட்டையைச் சுற்றி உடம்பைச் சுருட்டிக்கொண்டு தாய் உட்காரும். குளிர்ந்தால் தசைகளை விட்டு விட்டுத் துடிக்க வைத்துத் தானே சூடு உண்டாக்கும். 1841-லேயே பாரிஸ் மிருகக்காட்சிசாலையில் தெர்மாமீட்டர் வைத்து இதைக் குறித்திருக்கிறார்கள். அடை காக்கும் வாரங்களில் அவள் பெரும்பாலும் பட்டினிதான்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் வீட்டு அலமாரியில் செய்ய வெளிநாடுகளில் சிலர் படும் பாடு சொல்லி முடியாது. ஆப்பிரிக்க மலைப்பாம்புக்குக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு கோடி 31, 32 டிகிரி, மறு கோடி 26 டிகிரி. ஈரத்தை அளக்க ஒரு மீட்டர், சூட்டை அடக்க ஒரு கருவி. கரண்டு போனால் எஜமானருக்குத்தான் வேர்க்கிறது! அந்த ஆசை நம் ஊருக்கும் வந்துவிட்டது. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் பாம்பு கடத்தி வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடுபவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறோம். நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்ப்பதோ சட்டப்படி குற்றம். இருளர்களே மூன்று நான்கு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. வாரம் ஒரு முறை விஷம் எடுத்துவிட்டு, அதையே மறுபடியும் பிடிக்காமலிருக்க வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமும் செய்து, காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

மறுபடி கண்ணமங்கலம் போனேன். அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பட்டுக்காகக் காப்பாற்றும் அதே ஈரம்தான் கோடையில் பாம்பையும் அழைக்கிறது. காலை விடுமுன் குழியில் விளக்கடித்துப் பார்க்க வேண்டும், கோலால் தட்ட வேண்டும்; இரவில் இடுக்கில்லாமல் பலகை போட்டு மூடிவிட வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது என்று நேரத்தை வீணாக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்று ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள்.

அம்மாள் நாடாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"ராத்திரியெல்லாம் பலகை போட்டு மூடினா குழியிலே ஈரம் இன்னும் நல்லா நிக்குமே சார்?"

"நிற்கும்."

"அப்போ இழையும் அறாது" என்று சொல்லிவிட்டு, பலகை தேடக் கொல்லைப்புறம் போனார்.