சுவீடனில் 'டூ' விட்டால்தான் நட்பு!

சின்ன வயசில் நாம் எல்லோருமே 'டூ' விட்டிருப்போம். எனக்கோ அந்த 'டூ'வால்தான் ஒரு சிநேகிதி கிடைத்தார். அதுவும் எண்பது வயதைத் தாண்டிய சிநேகிதி!

இதழியல் டிப்ளமோ முடித்த கையோடு எனக்குக் கல்யாணம். கணவருக்கு சுவீடனில், கோதன்பர்க் நகரத்தில் ப்ராஜெக்ட். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த ஊர்க்காரர்கள் அதை 'யோத்தெபோரி' என்கிறார்கள் என்று. ஊர்ப் பேரிலேயே கோட்டை விட்டிருந்தேன்.

குடியேறி வருகிறவர்களுக்கு 'எஸ்.எஃப்.ஐ' என்ற சுவீடிஷ் வகுப்பை உள்ளாட்சி நிர்வாகமே இலவசமாக நடத்துகிறது. சேர்ந்தேன். 'ஏழு' என்று சொல்லவே மெழுகுவத்தியை ஊதி அணைப்பதுபோல் ஊத வேண்டும்! ஆனால், உறவு முறைப் பாடம் வந்தபோது துள்ளிக் குதித்தேன். அம்மாவின் அம்மா 'மூர்மூர்', அப்பாவின் அம்மா 'ஃபார்மூர்'. நம் அம்மாச்சி, அப்பத்தா மாதிரியே தனித்தனிப் பேர்கள். அத்தைக்கும் சித்திக்கும்கூட வேறு வேறு வார்த்தைகள்.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். சுவீடிஷில் 'டூ' என்றால் நீ. 'நீ' என்றால் நீங்கள்! ஆனால், ஒருவரிடம் பேசும்போது வயதானவரோ, டீச்சரோ, எல்லோருக்கும் 'டூ'தான். ராஜ குடும்பம் மட்டும் விதிவிலக்கு. முன்பெல்லாம் அங்கேயும் பட்டம், பதவி சொல்லித்தான் பேசினார்களாம். டாக்டரிடமே, "டாக்டர் காபி சாப்பிடுகிறாரா?" என்று கேட்பார்கள். 1967-ல் ப்ரூர் ரெக்செட் என்ற மருத்துவத் துறைத் தலைவர், ஊழியர்கள் அனைவரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே தொடங்கியிருந்த மாற்றம் அதன்பின் வேகம் பிடித்தது.

படித்துப் புரிந்துவிட்டது. வாய்தான் வரவில்லை. எங்கள் குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் அடிக்கடி சந்திக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒருநாள் மரியாதையாக, "நீ நலமா?" என்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் ஒருத்திதானே நிற்கிறேன்?" என்றார். வெட்கமாகிவிட்டது. அதன்பின் அவரிடம் ஆங்கிலம்தான். பேச்சும் 'ஹலோ'வோடு நின்றுபோனது. பேசிப் பேசியே வளர்ந்த எனக்கு, அந்தக் குளிர்காலம் ஊமைக் காலம்.

ஒருமுறை நான்கைந்து நாட்களாக அவரைக் காணவில்லை. மனசு கேட்காமல் கதவைத் தட்டினேன். காய்ச்சலில் வாடிப்போய் நின்றார். பதற்றத்தில் இலக்கணம் எல்லாம் மறந்து, "டூ சாப்பிட்டாயா?" என்று சுவீடிஷில் கேட்டேவிட்டேன். அந்த முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 'நான் ஒருத்திதானே' என்று அன்று அவர் சொன்னதன் இன்னொரு அர்த்தமும், ஆளில்லாத அந்த வீட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அப்புறம் வாரம் ஒருநாள் அவர் வீட்டில் 'ஃபீகா'. காபியும் இலவங்கப்பட்டை பன்னும் வைத்துக்கொண்டு அரட்டை. வகுப்பில் வராத சுவீடிஷ், அந்தச் சமையலறையில் வந்தது.

இப்போது சென்னைக்குத் திரும்பிவிட்டோம். போன வாரம் வீடியோ காலில் நான் அவரிடம் பேசியதைக் கேட்டு, என்ன சொன்னேன் என்று விசாரித்தார் அப்பத்தா. "நீ எப்படி இருக்கே?"ன்னு கேட்டேன் என்றேன்.

"வயசுல பெரியவங்களை நீ, வா, போன்னா பேசுவே?"

"நீங்க மட்டும் தினமும் முருகனை, 'நீதான்டா காப்பாத்தணும்'னு சொல்றீங்களே அப்பத்தா?"

அப்பத்தா கொஞ்சம் யோசித்தார். "அவன் நம்ம புள்ளைடி" என்றார்.

அதேதான் அப்பத்தா!