தெருவிளக்குக்குக் கீழே ஒரு கேரம் போர்டு

மாதம் ஒருமுறையாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. கோலி, பம்பரம், கில்லி படங்கள், கீழே "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்" என்று ஒரு வரி. நானும் நின்று பார்ப்பேன். காசிமேட்டில் வளர்ந்தவனுக்கு அவை வெறும் படங்கள் இல்லை. ஆனால் அந்த ஏக்கத்தில் பாதிக் கதைதான் இருக்கிறது. மீதியை இளைய தோழர்களுக்குச் சொல்லத் தோன்றியது.

நாங்கள் தெருவில் விளையாடியதற்கு முதல் காரணம், வீட்டில் இடமில்லை. ஒரே அறை, ஆறு பேர். ராத்திரி ஷிஃப்ட் மூட்டை தூக்கிவிட்டு அப்பா பகலில் தூங்குவார். அம்மா இறால் உரிக்கப் போயிருப்பாள். நாங்கள் வெளியே போயே ஆகவேண்டும். லிங்கோச்சா, கோலி, பம்பரம் எல்லாம் தெருவில்தான். கோடை விடுமுறை என்றால் மொட்டை மாடியில் காத்தாடி. இன்று ஊரே பேசும் 'அப்பீட்டு', 'அம்பேல்', 'டீல்ல வுட்டுட்டான்' எல்லாம் இப்படித் தெருவில் ஆடிய பிள்ளைகளின் வாயில் புழங்கிய சொற்கள்தான். சினிமாவில் கேட்டால் கைதட்டுவார்கள். நேர்முகத் தேர்வில் நாம் பேசினால் முகம் சுளிப்பார்கள்.

போன வருடம் அக்காவிடம், "நீ என்னக்கா விளையாடுவ?" என்று கேட்டேன். "தண்ணி லாரி க்யூவுல கொடத்த நகத்துறதுதான்டா என் ஆட்டம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பம்பரம் விட்ட அதே தெருவில், அதே நேரத்தில், அவள் வரிசையில் நின்றிருக்கிறாள். எனக்கு அது ஞாபகமே இல்லை.

ராத்திரியில் கேரம். மன்றத்து வாசலில், லைட் கம்பத்துக்குக் கீழே, பவுடர் தூவி ஆட ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒருநாள் போலீஸ் ஜீப் வந்து நின்றது. "எந்த ஏரியாடா?" என்றார்கள். சொன்னோம். அதற்குமேல் கேள்வியே இல்லை. நாலு பேரையும் போர்டையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இறால் வாடை போகாத கையோடு அம்மா ஸ்டேஷனுக்கு வந்தாள். "ராத்திரியில தெருவுல இவனுக்கு என்ன வேலை?" என்று கேட்டதற்கு, "என் புள்ள படிக்கணும்னாலும் அந்த லைட்டுக்குக் கீழதான் சார் உக்காரணும்" என்றாள். எங்களை விட்டார்கள். போர்டு திரும்பி வரவில்லை.

2008-இல் வியாசர்பாடி இளவழகி பிரான்சில் கேரம் உலக சாம்பியன் பட்டத்தை வென்றார். 2024 நவம்பரில், ஆட்டோ ஓட்டுநரின் மகளான நம்ம ஏரியா காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. செய்தியைப் பார்த்து அழுதேன். கூடவே அந்த போர்டும் ஞாபகம் வந்தது. ஜெயித்தால் 'வடசென்னையின் பெருமை', ஜெயிக்கும் வரை 'ராத்திரியில என்ன வேலை?'

"பிள்ளைகள் செல்போனால் கெட்டார்கள்" என்று சொல்வது சுலபம். விளையாட எங்கே இடம் இருக்கிறது? கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் அரித்தது. அவர்களுக்கு மணல் சேர்ந்தது, நமக்குப் பாறாங்கல் கொட்டினார்கள். பாறாங்கல் மேல் யாரும் கபடி ஆட முடியாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. எந்தத் தாய் பிள்ளையை அந்தப் பக்கம் விடுவாள்?

சரி, மைதானத்துக்குப் போகலாம் என்றால், 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். கேள்வி கேட்டதால்தான் அது நின்றது என்பதை மறந்துவிடாதீர்கள்.

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத்தெருவில் நடக்கவும், பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் எந்தச் சாதியாருக்கும் தடையில்லை என்பது அதன் சாரம். தெருவில் கால் வைப்பதற்கே நம் தாத்தாக்கள் தீர்மானம் போட வேண்டியிருந்தது. அதனால்தான் தெரு விளையாட்டை வெறும் மலரும் நினைவாக என்னால் பார்க்க முடியவில்லை.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வார்டில் எத்தனை விளையாட்டுத் திடல்கள், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், உள்ளே போகக் காசு கேட்கிறார்களா, பெண் பிள்ளைகள் வருகிறார்களா என்று நேரில் போய் எழுதி வாருங்கள். தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவோம். எங்கள் வார்டில் நான் ஆரம்பித்துவிட்டேன். அக்காவின் மகளையும் கூட அழைத்துப் போகிறேன்.