ஒசத்தியா, சுமாரா?

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில், லைன் வீடுகளுக்கு மேலே ஷீட் போட்ட மாடி அறை அது. இரவு ஒன்பதரைக்கு நான் போனபோது மூன்று பேர் வந்திருந்தார்கள். நான்காவது ஆள் பனியன் கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்தான். ஷிப்மென்ட் வாரம், ஒன்றரை ஷிஃப்ட். வந்தவன் கை கழுவி, நின்றபடியே இட்லியை விழுங்கிவிட்டு உட்காரவும், டிஸ்கார்ட் செயலியில் ஆட்டத்துக்கான ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் வந்து விழவும் சரியாக இருந்தது. “இனி அரை மணி நேரத்துக்கு உங்ககிட்டப் பேச முடியாதுங்ணா, கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு இயர்போனைச் செருகிக்கொண்டான்.

அவர்கள் ஆடுவது பிஜிஎம்ஐ என்கிற பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. ஊரில் பாதிப் பேருக்கு இன்னமும் அது பப்ஜிதான். வீட்டுப் பிள்ளைகள் பொழுதுபோக்காக ஆடுவதும் இதுவும் ஒரே செயலிதான் என்றாலும் ஆட்டம் வேறு. போட்டி ஆட்டத்தில் 16 அணிகள், அணிக்கு 4 பேர், மொத்தம் 64 பேர் ஒரு வரைபடத்தில் குதிக்கிறார்கள். எராங்கல் என்ற வரைபடம் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே மாட்டியவன் சாவான். பெரிய போட்டிகளுக்கு முன் இப்படி அணிகள் தங்களுக்குள் ஆடிப் பழகும் ஆட்டத்துக்கு ஸ்க்ரிம்ஸ் என்று பெயர். இந்த அறையில் வாரம் முழுக்க நடப்பது அதுதான்.

நான்கு பேருமே தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு பாடும், ஆனால் கம்பெனியில் தெரிந்தால் சூப்பர்வைசர் பேச்சுக் கேட்க வேண்டும். அதனால் அணிக்குள் அவரவர் செய்யும் வேலையைச் சொல்லியே அழைக்கிறேன். ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வந்தவன் ஐஜிஎல். ஆட்டத்துக்குள் அணியை நடத்துகிறவன். பகலில் செக்கிங் செக்‌ஷனில் வேலை. இன்னொருவன் அசால்ட்டர், முன்னால் போய் மோதுகிறவன். மற்ற இருவரும் சப்போர்ட்.

முதலில் என் கண் போனது அசால்ட்டரின் கைகளுக்குத்தான். இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல், நான்கும் நண்டுக் கொடுக்குபோல் வளைந்து திரையில் நின்றன. விரல்நுனிகளில் மெல்லிய துணி உறை. வியர்த்தால் விரல் வழுக்காமல் இருக்க. போனின் முதுகில் சிறு விசிறி ஒன்று கவ்வியிருந்தது. சூடேறினால் திரை திக்கும். திக்கினால் ஆள் காலி. குறி பார்ப்பது விரலால் மட்டும் இல்லை. போனைச் சாய்த்தால் குறியும் சாயும்; அதற்கு கைரோ என்கிறார்கள். எம்416 துப்பாக்கி சுடச் சுட மேலே எகிறும். எகிறுகிற அளவுக்குப் போனைக் கீழ்நோக்கிச் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மடங்கு ஸ்கோப்பை மாட்டி அதை மூன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, ஓடுகிற ஜீப்பிலிருந்து குதிக்கும் ஆளை அவன் அடித்தபோது மணிக்கட்டு அசைந்ததே எனக்குத் தெரியவில்லை. தினமும் ஸ்க்ரிம்ஸுக்கு முன் ட்ரெயினிங் கிரவுண்டில் சுவரைச் சுடுகிறான். துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதுதான் பாடம். இரண்டு வருடமாக ஒருநாளும் விட்டதில்லை என்றான் பக்கத்தில் இருந்தவன்.

இது கண்ணுக்குத் தெரியும் திறமை. ஐஜிஎல்லின் வேலை அப்படி இல்லை.

அன்றைய மூன்றாவது ஆட்டம். இரண்டாவது வட்டம் விழுந்தபோது பாதி நிலத்தில், பாதி கடல் தாண்டித் தெற்குத் தீவில் இருந்தது. அணி இன்னும் பிரிமோர்ஸ்க் வீடுகளில் சாமான் பொறுக்கிக்கொண்டிருந்தது. அசால்ட்டருக்கு நல்ல ஸ்கோப் கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு வீடு பார்க்கலாம் என்றான். “போதும். போட் எடு” என்றான் ஐஜிஎல். வட்டம் கடைசியில் தண்ணீரில் முடியாது, நிலத்துக்கோ தீவுக்கோ இழுத்தாக வேண்டும். தீவுக்கு இழுத்தால் எல்லோரும் பாலத்துக்கு வருவார்கள், அங்கே ஒரு அணி ஏற்கெனவே கார்களைக் குறுக்கே போட்டுக் காத்திருக்கும். இழுக்காவிட்டால் திரும்பி வரப் படகு இருக்கிறது. இவ்வளவையும் பிறகுதான் எனக்கு விளக்கினான். ஆட்டத்தில் அவன் சொன்னது மூன்றே வார்த்தை.

வட்டம் தீவுக்கே இழுத்தது. இவர்கள் மேட்டில் ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, பாலத்தில் வந்த அணிகள் ஒன்றையொன்று தின்று தீர்த்தன. துப்பாக்கிச் சத்தம் தூரத்தில் கேட்டதே தவிர இவர்கள் அதிகம் சுடவில்லை. கடைசி வட்டத்தில் புகைக்குண்டு போட்டு நகர்ந்து, மூன்று பேரை வீழ்த்தி, இரண்டாம் இடம்.

இப்போது புள்ளிக் கணக்கைப் பாருங்கள். இன்றைய பெரிய போட்டிகளில் முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 6, பிறகு 5, 4, 3, 2, ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் ஒவ்வொன்று. அதற்குக் கீழே பூஜ்யம். வீழ்த்திய ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி. இவர்களுக்கு 6-ம் 3-ம் சேர்த்து 9. அதே ஆட்டத்தில் ஒன்பதாம் இடத்தோடு முடிந்த ஓர் அணி பத்துப் பேரை அடித்திருந்தது: 10 புள்ளி. கணக்கு நியாயமானதுதான், அதில் குறை சொல்ல இவர்களுக்கே மனமில்லை. ஆனால் மறுநாள் சுற்றி வருவது பத்துப் பேரை அடித்த வீடியோத் துணுக்கு. “போட் எடு” என்ற குரல் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஸ்க்ரிம்ஸிலும் படிகள் உண்டு. பெரிய அணிகள் கூடி ஆடும் ஆட்ட அறை டையர்-1 லாபி. அங்கே ஸ்லாட் கிடைத்தால்தான் பெரிய அணிகளின் ஓட்டம் பிடிபடும், அவர்கள் கண்ணிலும் படலாம். ஸ்லாட் கொடுப்பவர் கேட்பது, இதற்கு முன் எங்கே ஆடினீர்கள் என்பதை. தெரிந்தவனுக்குத்தான் ஸ்லாட், ஸ்லாட் கிடைத்தவன்தான் தெரிவான். தப்பித் தவறி யாராவது வராமல் போனால் அந்தக் காலி இடத்துக்கு இவர்கள் விழித்திருக்கிறார்கள்.

அப்படி ஒருநாள் கிடைத்த இடத்தில் அசால்ட்டர் பெயர்பெற்ற அணி ஒன்றை ஒற்றை ஆளாக முடித்திருக்கிறான். அரை மணி நேரத்தில் ‘ஹேக்’ என்று புகார் போய்விட்டது. அறியாதவன் நன்றாக ஆடினால் முதலில் எழுவது சந்தேகம்தான். ஏமாற்றுச் செயலிகள் நிஜமாகவே மலிந்திருக்கும் ஆட்டம் என்பதால் சந்தேகப்படுகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. அன்று முதல் அவன் ஹேண்ட்கேம் வைத்து ஆடுகிறான். ஜன்னல் திட்டில் அடுக்கிய நோட்டுகளின் மேல் பழைய போன் ஒன்று, அவன் கைகளையும் திரையையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பெயருள்ளவனின் அடி திறமையாகக் கொண்டாடப்படும்போது, இவன் தன் விரல்களுக்கு அன்றாடம் சாட்சி சேர்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஐஜிஎல்லின் அம்மா டீ கொண்டுவந்தார். அவரும் பனியன் கம்பெனியில் கைமடிப்பவர். டம்ளரை நீட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏனுங்க தம்பி, இதுல காசு வருமா வராதான்னு நான் கேக்கலைங்க. இவன் இதுல ஒசத்தியா, சுமாரா? அது தெரிஞ்சாப் போதுங்க. சுமார்னா நிறுத்தச் சொல்லிப்போடுவேன்.”

அந்த அறையில் யாராலும் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. என்னாலும்தான்.

சதுரங்கமாக இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும் ரேட்டிங் போட்டியில் ஒரு பிள்ளை வென்றாலும் தோற்றாலும் அந்த முடிவு சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பின் கணக்கில் ஏறும். 2024 மார்ச் முதல் அந்த ரேட்டிங்கின் அடிமட்டம் 1400. அங்கே தொடங்கி எங்கே நிற்கிறாய் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. தாத்தாவும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். 1988-இல் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்து 2024-இல் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனது வரை இந்த மண்ணில் பிள்ளைகள் வரிசையாக வந்ததற்குப் பயிற்சியும் பணமும் காரணம் என்போம். யார் தேறுவார் என்பதை வீட்டாருக்குச் சீக்கிரமே சொல்லிவிடும் அந்த எண்ணும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிஜிஎம்ஐயிலும் தரவரிசை உண்டு. உச்சியில் கான்குவரர், முதல் 500 பேருக்கு மட்டும். ஆனால் சீசன் முடிந்தால் படி இறங்கிவிடும், மறுபடி ஏற வேண்டும். அதுவும் யாரென்றே தெரியாதவர்களோடு ஆடும் பொது ஆட்டத்தின் வரிசை. ஒளிந்து உட்கார்ந்தே ஏறிவிடலாம். போட்டி ஆடுகிறவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஸ்க்ரிம்ஸ் முடிவுகளோ டிஸ்கார்டில் ஒரு படமாக விழுந்து, அடுத்த நாள் வரும் ஐம்பது படங்களுக்குக் கீழே போய்விடுகின்றன. சதுரங்கம் யாருக்கும் சொந்தமில்லை. இந்த ஆட்டம் கிராஃப்டன் என்ற தென்கொரிய நிறுவனத்தின் சொத்து. இது இருந்தால்தான் இவர்கள் ஆட்டக்காரர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐயாக வந்தது. 2022 ஜூலை 28 அன்று செயலிக் கடைகளிலிருந்து மறைந்து, 2023 மே மாதம் திரும்பியது. அந்தப் பத்து மாதத்தில் பெயர்பெற்றவர்கள் வேறு ஆட்டத்தை ஆடிக்காட்டி யூடியூபில் தாக்குப்பிடித்தார்கள். இந்த அறையில் அப்போது இருந்த அணி கலைந்தது. ஒருவன் டையிங் பட்டறைக்குப் போனவன் போனவன்தான்.

அரசு கண்டுகொள்ளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸ் என்கிற மின்விளையாட்டைப் பல்விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக ஏற்று, ஒன்றிய விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் விட்டார்கள். 2025-இன் இணைய விளையாட்டுச் சட்டம் காசு வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டைத் தனியே பிரித்து அங்கீகரித்தது; பந்தயம் கூடாது, பரிசுத்தொகை இருக்கலாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் குஜராத்தின் தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோன் ஆட்டத்தில் வெண்கலம் வென்றபோது அது காட்சிப் போட்டி. நாட்டின் பதக்கக் கணக்கில் சேரவில்லை. 2023-இல் நடந்த ஹாங்சோ போட்டியில் மின்விளையாட்டு பதக்கப் போட்டியாகிவிட்டது. எல்லாம் சரி. ஆனால் இவை ஆட்டத்துக்குக் கிடைத்த மரியாதை. வேலம்பாளையத்து அறைக்குள் இருப்பவனை அளந்து சொல்ல இவற்றில் எதிலும் வழியில்லை.

ஒரு வழி உண்டு: யாரும் பதிவுசெய்யக்கூடிய தேசியத் தகுதிச் சுற்று. 2021-இல் பிஜிஐஎஸ் என்கிற பிஜிஎம்ஐ தேசியத் தொடர் முதன்முறை நடந்தபோது, ஆட்டத்துக்குள்ளேயே நடந்த தகுதிச் சுற்றிலிருந்து 1,024 அணிகள் மேலே போயின. 2022 ஜனவரியில் அந்தத் தொடரை ஸ்கைலைட்ஸ் கேமிங் அணி வென்றது. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்கொரு முறை திறக்கும் கதவு, ஒரு மோசமான இரவில் மூடிவிடும். போன முறை இவர்களின் மோசமான இரவு மின்வெட்டு ரூபத்தில் வந்தது.

இடையில் ஓர் அணி நிர்வாகத்திடமிருந்து ஐஜிஎல்லுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ட்ரையவுட் தேதியைச் சொல்வார்கள் என்று காத்திருந்தவனிடம் முதலில் கேட்டது: “இன்ஸ்டாவில் எத்தனை ஃபாலோயர்ஸ்?” இவன் எண்ணைச் சொன்ன பிறகு பதில் வரவில்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் விளம்பரதாரர் பார்ப்பது அதைத்தான் என்று இவனே அவர்களுக்காகப் பரிந்து பேசினான். வேறு எந்த எண்ணும் இல்லாத இடத்தில் இருக்கிற எண்ணைத்தானே கேட்பார்கள்?

அதனால் அவன் ஓர் எண்ணை உண்டாக்கத் தொடங்கியிருக்கிறான். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவனே ஒரு லாபி நடத்துகிறான். திருப்பூர், ஈரோடு, கோவை, பொள்ளாச்சி என்று பதினாறு அணிகள். கட்டணம் இல்லை. ஆடினால் முடிவு அவனது கணக்கு ஷீட்டில் ஏறும், ஏறியது அழியாது என்பது ஒன்றே நிபந்தனை. எல்லோரும் போடும் இடம், கொலைக் கணக்கோடு அவன் சொந்தமாக இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறான்: அணியில் முதல் ஆள் எந்த வட்டத்தில் விழுந்தான், அணி எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தது. அணிகள் கலையும், ஆட்டப் பெயரைக் கார்டு போட்டு மாற்றிக்கொள்வார்கள்; கேரக்டர் ஐடி எண் மட்டும் மாறாது. அந்த எண்ணின் பேரில்தான் கணக்கு வைக்கிறான். செக்கிங் மேசையில் பீஸ் பீஸாகப் பார்த்துக் குறித்த பழக்கம் ஷீட்டில் தெரிகிறது. ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அதன்படி இவர்களுடைய அணி பதினாறில் நான்காவது. அம்மாவிடம் அப்படியே சொல்லியிருக்கிறான். “நாலாவதுன்னா பரவால்லியே” என்றாராம், நிறுத்தச் சொல்லவில்லை.

நான் கிளம்பும்போது ஈரோட்டு அணியின் ஐஜிஎல் வாய்ஸ் மெசேஜில் மன்றாடிக்கொண்டிருந்தான். போன ஞாயிறு நான்கு ஆட்டத்திலும் அவர்களுக்குப் பூஜ்யம். அந்த நாளை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று. இவன் போனை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னான்: “முடியாதுங்க. நல்லா ஆடுன நாள மட்டும் வெச்சா அது கிளிப்பு. எல்லாத்தையும் வெச்சாத்தான் கணக்கு. எங்களுதும் ஆறு பூஜ்யம் இருக்குது, போய்ப் பாருங்க.”