புனா நதிக்கரையில் ஒரு பகல்

பயணத் தொழுகையின் சட்டங்களை ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறோம். ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம், நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கும் கஸ்ரு, இரு வேளைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்வு என்று கரும்பலகையில் எழுதும்போது அது கணக்குப் பாடம் போலவே தோன்றும். கடந்த கோடையில் அந்தப் பாடத்தைக் குடும்பத்தோடு செயலில் காணும் வாய்ப்பை அல்லாஹ் அளித்தான். ஜெர்மனியின் மூனிக் நகரில் வசிக்கும் தம்பியின் வேனில், கூடாரங்கள், கேஸ் அடுப்பு, ஊரிலிருந்து கொண்டுபோன ரசப்பொடி சகிதம் ஸ்லோவேனியா, குரோஷியா வழியாகப் பொஸ்னியாவுக்குள் நுழைந்தோம். பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் ஐவர்.

இப்பயணத்தை முன்மொழிந்தவர் தம்பி. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய மூத்த மகனுக்கு வயது 16. மூனிக்கிலேயே பிறந்து வளர்ந்தவன். ஓராண்டாகவே, அழைத்தால் பள்ளிவாசலுக்கு வருவான். தானாக எழுந்து தொழுவதில்லை. உன் மார்க்கம் ஐரோப்பாவுக்கு அந்நியமானது என்று வகுப்பில் யாரோ சொல்ல, பதில் சொல்ல இயலாமல் அவன் திரும்பி வந்திருக்கிறான். அவனுக்கு நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுமாறு தம்பி வேண்டினார். பதினாறு வயதில் பெரியவாப்பாவின் உபதேசம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு நன்றாகவே தெரியும். ஆகவே, உபதேசத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அவனோடு நடப்பது என்று முடிவு செய்தோம்.

மொஸ்தார் நகருக்குத் தென்கிழக்கே பிளகாய் என்றொரு சிற்றூர். அங்கே சுமார் 200 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறையின் அடியில், ஒரு குகைக்குள்ளிருந்து புனா நதி வெளிப்படுகிறது. ஊற்று என்றவுடன் ஒரு சுனையை எண்ணிவிடக் கூடாது. பிறக்கும்போதே அது முழு ஆறு. அதன் ஓரத்தில் உஸ்மானியர் காலத் தர்வேஷ்களின் தைக்கா ஒன்று வெண்சுவரோடு நிற்கிறது. உள்ளே அடக்கத்தலமும் உண்டு. ஸியாரத் பற்றிய விவாதத்தை இங்கே எழுப்பும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

அந்த நதியின் கரையில்தான் எங்கள் கூடாரங்கள். சுப்ஹுக்கு வுழூ செய்தபோது விரல்கள் மரத்துப்போயின. ஆடி மாதத்தில் பல் கிட்டிப்போகும் குளிர்ச்சி. ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய எங்கள் பிள்ளைகள், இங்கே தென்கிழக்கு நோக்கி நின்றபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

முகாமைக் கவனித்துக்கொண்ட சகோதரர் ஜெர்மன் மொழியைச் சரளமாகப் பேசினார். 1992இல் போர் தொடங்கியபோது பெற்றோருடன் அகதியாக மூனிக் சென்றவராம். அங்கேயே சில ஆண்டுகள் பள்ளியில் படித்திருக்கிறார். தம்பி மகன் வாய் திறந்து பேசியது அவரிடம்தான். காலையில் பாறையின் மேலுள்ள கோட்டைக்கு எங்களை அவரே அழைத்துச் சென்றார். ஹெர்ஸகோவினா என்ற பெயருக்குக் காரணமான 15ஆம் நூற்றாண்டுப் பிரபு ஸ்டெபானின் பெயரால் அறியப்படும் கோட்டை அது. ஏறத்தொடங்குமுன் அவர் சொன்ன நிபந்தனை ஒன்றே: பாதையை விட்டு யாரும் விலகக் கூடாது. போர்க்காலக் கண்ணிவெடிகள் இந்நாட்டில் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை. முன்னால் ஓடும் பழக்கமுள்ள எங்கள் கடைக்குட்டி, வழி நெடுகத் தன் உம்மாவின் கையை விடவே இல்லை.

மேலே ஏறி இறங்கியதும் துடுப்புப் படகு. இரண்டு படகுகளில் ஏறி, புனாவின் ஓட்டத்தோடு சென்றோம். அபாயாவை முழங்கையோடு ஊசியிட்டு இறுக்கிக்கொண்டு பெண்கள் துடுப்பு வலித்த வேகத்தில், ஆண்கள் அமர்ந்த படகு பின்தங்கியது உண்மை. எழுதாவிட்டால் வீட்டில் பிரச்சினை வரும். பகல் 1 மணியளவில் லுஹர் நேரம் தொடங்கியபோது நடு ஆற்றில் இருந்தோம். லுஹரை அஸருடன் சேர்த்துப் பிற்படுத்தித் தொழுவதானால், லுஹர் நேரம் முடிவதற்குள் அதற்கான நிய்யத் இருக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். துடுப்பைப் பிடித்தபடியே பிள்ளைகளுக்கு அதை எடுத்துச் சொன்னோம். வகுப்பறையில் பத்து முறை விளக்கியும் பதியாத சட்டம் அது.

அஸருக்கு மொஸ்தாரில், 1557இல் கட்டப்பட்ட கராஜோஸ் பேக் பள்ளிவாசலை அடைந்தோம். போரில் சிதைந்து, பின்னர் செப்பனிடப்பட்ட பள்ளி. லுஹரைக் கஸ்ராக இரண்டு ரக்அத் தொழுதுகொண்டோம். அஸரில் உள்ளூர் இமாமைப் பின்பற்றியதால் நான்கும் தொழுதோம். சிவப்புத் தொப்பியைச் சுற்றி வெண்துணி கட்டிய இமாம். பொன்னிற முடியும் நீலக் கண்களுமாகப் பின்னால் நின்ற இளைஞர்கள். வுழூவை அவர்கள் 'அப்தெஸ்த்' என்கின்றனர். லுஹருக்கு 'பொத்னே', அதாவது நண்பகல் என்று தங்கள் மொழியிலேயே பெயர். நாம் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று சொல்லவில்லையா, அதுபோலத்தான்.

பிறகு பழைய பாலத்துக்கு நடந்தோம். நெரெத்வா நதியின் மேல் ஒற்றை வளைவாக நிற்கும் கற்பாலம். சிறியவர்களை நிறுத்திவைத்து அதன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கியவன் தம்பி மகன். ஸினானின் மாணவர் ஹைருத்தீன் 1566இல், ஹிஜ்ரி 974இல் கட்டியது. 1993 நவம்பர் 9 அன்று குரோஷியப் படையினரின் பீரங்கிக் குண்டுகளால் ஆற்றில் விழுந்தது. அதே உள்ளூர்க் கல்லைக் கொண்டு மீண்டும் கட்டப்பட்டு 2004 ஜூலையில் திறக்கப்பட்டது. அத்தனையும் காலையில் கோட்டைப் பாதையில் கேட்டவை. அந்த முகாம்காரரின் தந்தை, பாலம் விழுந்த காட்சியை மூனிக்கில் தொலைக்காட்சியில் பார்த்து அழுததையும் சொன்னான். "நானூறு வருஷத்துக்கு மேல நின்ன பாலம்," என்றான் தன் தங்கையிடம், ஏதோ அவனே கட்டியதைப் போல. தம்பி எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் ஆற்றைப் பார்த்தோம்.

பாலத்திலிருந்து இளைஞர்கள் ஆற்றில் குதிப்பது அவ்வூர் வழக்கம். தானும் குதிக்கலாமா என்று கேட்டான். அவன் உம்மாவிடமிருந்து கிடைத்த பதிலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முகாமுக்குத் திரும்பி ரசம் வைத்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அங்கே கோடையில் இரவு 10 மணியைக் கடந்தே இஷா நேரம் தொடங்குகிறது. சிறியவர்கள் ஈரத் துணிகளுக்கு நடுவே உறங்கிப்போயிருந்தனர். தம்பி மகன் இஷாவுக்கு வந்தானா என்று வாசகர்கள் கேட்கலாம். வந்தான், யாரும் எழுப்பவில்லை. துடுப்பு வலித்த கை வலிக்கிறது என்று முணுமுணுத்தபடி, பாதித் தூக்கத்தில் வரிசையின் ஓரத்தில் வந்து நின்றான்.