டார்ட்மூர் மேட்டில் ஓர் ஓட்டம்

நாற்பது வயதைத் தாண்டிய மனிதர் ஓடினால், ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். அல்லது நாய் துரத்தி ஓட வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் 26 மைல் 385 கெஜம் ஓடுவதற்காகக் கடல் கடந்து சென்றோம் என்றால் நேயர்கள் நகைக்கத்தான் செய்வார்கள். டாக்டர், வக்கீல், பாங்கி அதிகாரி, இதை எழுதும் பள்ளிக்கூட வாத்தியார் ஆகிய நாங்கள் நால்வரும் காலேஜ் சிநேகிதர்கள். டாக்டர் பிளிமத் நகரில் வைத்தியம் பார்க்கிறார். அவருடைய அழைப்பின் பேரில், நவராத்திரி விடுமுறையில், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் பிரதேசத்தை அடைந்தோம்.

டார்ட்மூர் மரங்கள் அரிதான மேட்டு நிலம். குன்றுகளின் உச்சிதோறும் கருங்கற் பாறைகள் அடுக்கி வைத்தாற்போல் நிற்கின்றன. அவற்றுக்கு 'டார்' என்று பெயர். பாறைகளுக்கு இடையே, புல்லும் பாசியும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மக்கிக் கறுத்த சதுப்பு. இலையுதிர் காலமாதலால் பெரணிச் செடிகள் துருவேறிய இரும்பின் நிறத்தில் கிடந்தன. மட்டக் குதிரைகள் எங்களைச் சற்றும் லட்சியம் செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

ஓட்டம் தொடங்கிய பிரின்ஸ்டவுன் கிராமத்தின் பெருமையோ சிறுமையோ அங்குள்ள சிறைச்சாலைதான். நெப்போலியன் யுத்தத்தில் பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களை அடைக்க 1809-ல் திறந்தது. 1916-ல் அயர்லாந்தின் டி வலேரா இங்கே அடைபட்டிருந்தார். மறு வருஷம், போருக்குப் போக மாட்டோம் என்று மனச்சாட்சிப்படி மறுத்தவர்களைக் கொண்டுவந்தார்கள். 2024-ல், கருங்கல்லிலிருந்து கசியும் ரேடான் வாயுவுக்கு அஞ்சிக் கைதிகள் அனைவரையும் வேறிடம் மாற்றினார்கள். மனிதர்களை அடைத்து வைத்த கல்லே அவர்களை வெளியேற்றியது வேடிக்கைதான்.

முதல் பத்து மைல் உற்சாகமாகவே கழிந்தது. பழைய சைவர்ட் சிலுவைக் கல்லைக் கடந்ததும், வக்கீலின் வலது பாதரட்சையைச் சதுப்பு விழுங்கிற்று. முழங்கை வரை கைவிட்டு அதை மீட்டார். பிறகு ஏற்றமும் இறக்கமுமாகப் பல மைல்கள். அவற்றைப் பற்றி எழுத நினைவில்லை, கால்களைத்தான் நினைவிருக்கிறது.

இருபத்திரண்டாவது மைலில் மூடுபனி இறங்கியது. ஏழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்பது விதி. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, 1956-ல் மூடப்பட்ட பழைய ரயில் தடத்தில் ஏறினோம். தடத்தின் ஓரத்தில் செதுக்கிய கருங்கல் தாங்கிகள் பன்னிரண்டு கிடந்தன. லண்டன் பாலத்தை அகலப்படுத்த 1903-ல் செதுக்கி, மிஞ்சிப் போனவை அவை. அந்தப் பாலமே பின்னர் விலைபோய், 1971 முதல் அமெரிக்காவின் அரிஸோனாவில் நிற்கிறது. அதை டாக்டர் சொல்லி முடித்தபோதுதான் நாங்கள் மூவரே நிற்பது தெரிந்தது. பாங்கி நண்பரைக் காணோம்.

"திரும்பிப் போகலாம்" என்றார் டாக்டர்.

"பின்னால் வருகிறவர்களோடு வந்துவிடுவார். இன்னும் மூன்று மைல்தானே! நேரம் போகிறது" என்றோம். ஆம், சொன்னது இந்த வாத்தியார்தான். வகுப்பில் எத்தனையோ பேருக்குத் தோழமையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னவர்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஊதல் ஒலி கேட்டது. ஆறு முறை ஊதி ஓய்ந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் ஆறு. மலையில் ஆபத்து என்பதற்கு அந்நாட்டில் அதுவே அடையாளம். டாக்டர் மூன்று முறை ஊதிப் பதில் கொடுத்தார். அரை மைல் சரிவில் இறங்கித் தேடினோம். கணுக்கால் பிசகி, ஒரு பாறையடியில் நடுங்கிக்கொண்டிருந்தார் நண்பர்.

"நீங்கள் போய்விட்டீர்கள் என்றே நினைத்தேனப்பா" என்றார்.

எங்கள் மேலங்கிகளை அவருக்குப் போர்த்தி, இருபுறமும் தோள் கொடுத்து நடத்தி வந்தோம். பிரின்ஸ்டவுனை அடைந்தபோது ஏழு மணி நேரம் கழிந்து ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த தொண்டர்கள் சூடான தேநீர் கொடுத்தார்கள்.

காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த நண்பர், "திரும்பலாம் என்று முதலில் யார் சொன்னது, வாத்தியாரே?" என்று கேட்டார்.

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நாம் தேநீரில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினோம்.